வடக்குச் சுவரோரம்

2023 செப்டம்பர் 12

தினமும் நாலு வரி எழுதச் சொன்னவர் டாக்டர். மறதி நோயில் இருக்கும் இவரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கும் மூச்சு விட ஓர் இடம் வேண்டுமாம். மூச்சு நன்றாகத்தான் விடுகிறேன். சொன்னபடி கேட்கிற ஆள் என்பதால் எழுதுகிறேன்.

இன்று இவரைக் கூட்டிக்கொண்டு ஸ்கார்ன்பிக்குப் போனேன். நோர்விச்சிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கடலோர மேட்டு விளிம்பில் தொங்குகிற ஒரு கிராமம், ஒரு பழைய சேர்ச், அதைச் சுற்றி இடுகாடு, அதற்கப்பால் கடல். அந்தக் கடல் வருடா வருடம் கரையைத் தின்றுகொண்டு வருகிறது.

போன மாதம் நூலகத்தில் இந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தின் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நோர்போக் மாவட்டத்தின் பழைய இடுகாடுகளைப் பதிவு செய்யத் தொண்டர்கள் தேவையாம். இவர் அதில் இருந்த சேர்ச் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். "வீட்டை போவமே?" என்றால், "இஞ்சதான்" என்கிறார். என்ன இஞ்சதான்? ஆளை அங்கிருந்து கிளப்ப வேறு வழி தெரியாமல் இரண்டு பேருடைய பெயரையும் கொடுத்தேன்.

சங்கத் தலைவி போலின் தர்லோ. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, இந்த ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். காற்றில் பறக்காதபடி தொப்பியை நாடாவால் தாடையில் கட்டியிருக்கிறார். விஷயத்தை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். வருகிற தை மாதம் மாவட்ட சபை இந்தப் புதைகுழிகளைத் தோண்டி, ஊருக்குள்ளே புதிய இடுகாட்டுக்கு மாற்றும். எங்கள் வரைபடத்தில் இருப்பவர்களை மட்டும்தான் மாற்றும். வரைபடத்தில் ஏற வேண்டுமானால் ஒன்று கல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னார் இங்கே இருக்கிறார் என்று உயிரோடு இருக்கும் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

"மற்றவர்கள்?" என்று கேட்டேன்.

போலின் கடலைக் காட்டினார்.

நான் பிறந்த கொக்குவிலில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பாவின் பாடை போனபோதுகூட நான் வாசற்படலையோடு நின்றுவிட்டேன். எழுபது வயது தாண்டி, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் இடுகாட்டில் சப்பாத்தோடு நடக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இவரையும் முழுகவார்த்து நானும் முழுகினேன்.

செப்டம்பர் 14

ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத வேண்டும். இவர் வாசிக்கிறார், நான் எழுதுகிறேன்.

கல்லைச் சுரண்டக் கூடாது. பக்கவாட்டில் டோர்ச் வெளிச்சம் அடித்தால் தேய்ந்த எழுத்தின் நிழல் எழும்பும். வாசிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. போலின் இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னார்.

காலையில் சாப்பிட்டதை மறக்கிற மனுசன், எழுத்தை மட்டும் விடாமல் வாசிக்கிறார். சீனித் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்தபோது தொலைபேசியில் கதைக்கும் அதே குரல். "கடலில் மூழ்கிய தோமஸ். அவருடைய மனைவி ஹானா. அவர்களுடைய பிள்ளைகள் நால்வர்." எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்று எழுதினால் போதும்.

செப்டம்பர் 26

மழை. கை விறைத்துப்போனது.

இன்று போலினோடு சண்டை. சேர்ச்சின் வடக்குப் பக்கம் வெறும் புல்லாகக் கிடக்கிறது. வெயில் படாத பக்கம். முந்திய காலத்தில் கரையொதுங்கிய பிணங்களையும், தற்கொலை செய்தவர்களையும், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளையும் கல் வைக்காமல் அங்கேதான் புதைப்பார்களாம்.

"அப்ப அவர்களை எப்படி வரைபடத்தில் போடுவது?"

"போட முடியாது, மலர். கல்லும் இல்லை, சாட்சியும் இல்லை."

"தண்ணி தெளிக்காவிட்டால் அது பிள்ளை இல்லையா? பெற்றவளுக்கு வயிறு நோகவில்லையா?"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.  போலின் தன் தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்தார். இந்த ஊர்ச் சனம் பதில் தெரியாவிட்டால் தேத்தண்ணி தரும்.

ஏன் இவ்வளவு கோபம் என்று டாக்டர் கேட்டால் குளிர் என்று சொல்லுவேன்.

ஒக்டோபர் 3

இவருடைய கூத்து தாங்க முடியவில்லை. சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோய், கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தார். சுவரோரம் ஒரு முட்பற்றை புதர்போல வளர்ந்திருக்கிறது. அதனடியில் முழுத் தேத்தண்ணியையும் ஊற்றிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது வெறும் சாயத் தேத்தண்ணி. பாலைத் தாரும்."

"என்னப்பா இது விசர்வேலை? அந்தக் குளிருக்குள்ள அடுப்புக்கு முன்னால நிண்டு போட்டுக் கொண்டாறன். நிலத்தில ஊத்துறியள்!"

"பால்" என்றார் மறுபடியும்.

பால் பைத்தியம் இவருக்குப் புதிது இல்லை. கார் ஓட்டிய காலத்தில் வருடா வருடம் பெப்ரவரி மாதம் கடற்கரைப் பக்கம் நண்டு வாங்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்புவார். சுடுதண்ணிப் போத்தல் நிறையப் பால் வேண்டும். வழியில் தேத்தண்ணி போட்டுக் குடிக்கவாம். போகிற வழியெல்லாம் கடை இருக்கிற நாட்டில்! திரும்பி வரும்போது நண்டும் இருக்காது, பாலும் இருக்காது. நண்டுக் குழம்புக்கு அரைத்து வைத்த தேங்காய்க் கூட்டோடு நான் நிற்பேன்.

முழுகினோம். தண்ணீர் சூடேறவில்லை.

ஒக்டோபர் 5

இவர் என்னை வேறு பெயரில் கூப்பிட்டார்.

என்னை அல்ல. இப்போது யோசித்தால், யாரையோ கூப்பிட்டார். அதே முட்பற்றையடியில் நின்று, "மாதுமை" என்றார். திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சிரிப்பு. கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

ஒக்டோபர் 6

மாதுமை. கண்டறியாத மாதுமை.

ஒக்டோபர் 10

அது திருகோணமலைப் பெயர். அந்தக் கோயில் அம்பாளின் பெயர். எங்கள் பக்கத்தில் எங்கள் வயதில் அப்படி ஒருத்தியும் இல்லை. இவர் பிறந்து படித்தது திருகோணமலையில்தானே. எங்கள் கலியாணம் பேசிச் செய்த கலியாணம். அதற்கு முதல் என்ன நடந்தது என்று யார் கண்டது?

காலையில் புட்டு வைத்துக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"ஆரப்பா அந்த மாதுமை?"

கையைப் புட்டில் வைத்தபடியே ஜன்னலைப் பார்த்தார். "அவளுக்குக் குளிரும்" என்றார்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. எனக்கு இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் குளிர்கிறது, ஒருநாள் கேட்டிருப்பாரா? மத்தியானம் மீன் பொரிக்கவில்லை. பருப்பும் சோறும் மட்டும் வைத்தேன். அவர் கவனிக்கவே இல்லை. அதுதான் இந்த மறதி வருத்தத்தின் கொடுமை, கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

ஒக்டோபர் 20

மூன்று நாளாகப் புயல். போலின் தொலைபேசியில் கதைத்தார். கிழக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் போய்விட்டதாம். தோமஸும் ஹானாவும் இருந்த வரிசை. நாங்கள் எழுதிவைத்த கல் இப்போது கடற்கரையில் கவிழ்ந்து கிடக்கிறதாம். தடுப்பு வேலியை உள்ளுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

"வடக்குப் பக்கம்?" என்று கேட்டேன்.

"அடுத்தது அதுதான்."

ஒக்டோபர் 24

வேலிக்கு வெளியே பார்த்தேன். மண் வெட்டிய கேக் மாதிரி நின்றது. மண்ணுக்குள்ளிருந்து ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு பார்க்கவில்லை.

இதை ஒருமுறை எழுதி முடித்துவிடுகிறேன். எங்களுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. 1977 பெப்ரவரி. உயிரில்லாமல் பிறந்தது. பெண் என்று தாதி சொன்னாள். பார்க்காமல் இருப்பதுதான் நல்லது என்றார்கள், துணியால் மூடிக் கொண்டுபோனார்கள். மிச்சத்தை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அந்தக் காலத்தில் இங்கே அதுதான் வழக்கம். மார்பில் பால் கட்டி, காய்ச்சலில் கிடந்தேன். இவர் பக்கத்தில் இருந்து ஈரத்துணி போட்டார். எங்கே வைத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு வேறு பிள்ளை தங்கவில்லை.

அவ்வளவுதான்.

நவம்பர் 2

போலினுக்குக் கை நோவு. அதனால் ஊர்க் கதைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதும் வேலை என் தலையில். நிலவறையில் சாராயம் ஒளித்த பாதிரியார், மணலில் புதைந்த கப்பல், தலையில்லாத குதிரை. ஊருக்கு ஒரு பேய் இருக்கத்தானே வேண்டும்.

கடைசிப் பதிவு போலினுடையதே. தேத்தண்ணி குடித்துக்கொண்டு நேரிலும் சொன்னார்.

"எங்கள் ஊரில் பால் மனிதன் என்று ஒரு கதை உண்டு. குளிர்காலத்தில் வருவான். பழுப்புக் கோட்டு. வடக்குச் சுவரோரம் நின்று நிலத்தில் பால் ஊற்றுவான். பிள்ளைகள் அவனைப் பேய் என்று சொல்லிப் பயந்து ஓடும். ஆனால் அது பேய் இல்லை மலர், நானே பார்த்திருக்கிறேன். இளம் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து இந்த மூலை தெரியும். ஊற்றிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான், மழை பெய்தாலும். மாமனார்தான் இங்கே குழி வெட்டுபவர். யார் என்று கேட்டால், 'அந்த மனுசனை விடு' என்பார்."

நான் சிரித்தேன். இங்கிலாந்துக்காரனும் காடாற்றுகிறானோ என்று கேட்டேன். அது என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் ஆண்கள் சுடலைக்குத் திரும்பப் போய்ப் பால் ஊற்றுவார்கள் என்று விளக்கினேன். அப்படி ஒரு வழக்கம் நோர்போக்கில் எங்கும் கேள்விப்பட்டதில்லை என்றார் போலின்.

பிறகு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், இந்தக் கடலில் நண்டு எந்த மாதம் பிடிப்பார்கள் என்று. மார்ச்சில் தொடங்கும் என்றார்.

"பெப்ரவரியில?"

"பெப்ரவரியில் நண்டு இல்லை."

நவம்பர் 3

பழுப்புக் கோட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. நான்தான் வாங்கிக் கொடுத்தது.

நவம்பர் 7

இன்று தேத்தண்ணி போடவில்லை. பாலைக் காய்ச்சி, போத்தலில் ஊற்றிக்கொண்டு போனேன். இவருக்கு அந்தப் பழுப்புக் கோட்டைப் போட்டு, பொத்தானையும் பூட்டிவிட்டேன்.

போலின் வேலியோரம் நின்றார்.  இவரிடம் போத்தலைக் கொடுத்து, "இது பால்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பஸ் படியில் ஏறக் கையைப் பிடிக்க வேண்டியவர், யாரையும் பிடிக்காமல் நடந்தார். முட்பற்றையடியில், சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். குனிந்து, ஒரு சொட்டும் சிதறாமல் மெல்ல ஊற்றினார்.

"மாதுமை, அப்பா வந்திருக்கிறன். அம்மா சுகமா இருக்கிறா."

 ஈரப் புல்லில் அப்படியே குந்திவிட்டேன். ஐயோ என்ர பிள்ளையே! நான் உன்ர பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டு திரிஞ்சேனே!

இவர் என்னைப் பார்த்துப் பதறிப்போனார். "இஞ்சரும், நீர் ஏன் இஞ்ச வந்தனீர்? பொம்பிளையள் சுடலைக்கு வரக் கூடாது. எழும்பும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை? ஏனப்பா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீர் தாங்கமாட்டீர்" என்றார். என்னவோ நேற்று நடந்ததுபோல, காய்ச்சலில் கிடப்பவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "பெட்டி சின்னன். ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கி, நான் மடியில வைச்சுக் கொண்டந்தனான்."

போலின் தொப்பியைக் கழற்றிவிட்டார். எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோட்டையும் இவர் நின்ற விதத்தையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 8

கோபம் போகவில்லை. எனக்குச் சொல்லாமல் எப்படி அந்தப் பச்சை மண்ணைத் தனியே சுமந்தார் என்று கோபம். என்னைக் கேட்காமல் பேர் வைத்ததற்குக் கோபம். வருடா வருடம் என்னை வீட்டில் நண்டுக்குக் கூட்டு அரைக்க விட்டுவிட்டு, மகளுக்கு என் சுகம் சொல்லியிருக்கிறாரே, அதை நினைத்தால் கோபமும் வரவில்லை. பக்கத்தில் இருந்து சோற்றை வாயில் தீத்திவிட்டேன்.

இவருக்கு மீன் பொரித்தேன்.

நவம்பர் 9

சாட்சி சொல்ல இவரால் முடியாது. திகதி கேட்டால் சொல்லமாட்டார். எனக்கும் முடியாது, நான் பார்க்கவில்லை. போலின் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, தான் சாட்சி என்றார். இத்தனை குளிர்காலமாக ஜன்னலில் நின்று பார்த்த சாட்சி. அந்தக் குழியை வெட்டிக் கொடுத்தது தன் மாமனாராகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஒருவர், தாத்தா பாட்டியைப் புதைத்த குடும்பங்களே இன்னும் காத்திருக்கின்றன என்று முணுமுணுத்தார். போலின் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் போலினிடம் புவியியல் படித்தவராம். அடங்கிவிட்டார்.

வரைபடத்தில் வடக்குச் சுவரோரம் ஒரு சின்னக் கட்டம் கீறினார்கள். பேரைத் தமிழிலும் எழுதலாமா என்று கேட்டேன். எழுதச் சொல்லிப் பேனையைத் தந்தார்கள். புதைத்த திகதி என்ற இடத்தில் மாதமும் வருடமும் எழுதினேன். பிறந்த நாள் எனக்குத் தெரியும், ஆனால் புதைத்த நாள் எது என்று தெரியாது. புள்ளி வைத்தேன்.

டிசம்பர் 19

மீண்டும் புயல். வேலியைத் திரும்பவும் தள்ளியிருக்கிறார்கள். முட்பற்றை இன்னும் உள்ளே இருக்கிறது என்று போலின் படம் அனுப்பினார். பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

இவர் இரண்டு நாளாக என் பெயரைச் சொல்லவில்லை.

2024 ஜனவரி 16

தோண்டினார்கள். கூடாரம் கட்டி, சின்னக் கரண்டியால், தூரிகையால். என்னைத் தூரத்தில் கதிரையில் இருத்தினார்கள். இவரைச் சங்கத்து மண்டபத்தில் விட்டுவிட்டு வந்தேன். குளிர் தாங்கமாட்டார்.

வெகுநேரத்துக்குப் பிறகு தோண்டியவர்களில் ஒரு தொல்லியல் பெண்பிள்ளை வந்து எனக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். இந்தப் பக்கத்து மணல் புளிப்பானது, அமிலம்போலச் சின்ன எலும்பைக் கரைத்துவிடும் என்றாள். பெட்டியின் ஆணிகள் கிடைத்தன, அவை நின்ற ஒழுங்கிலேயே. நடுவில் மண்ணின் நிறம் மட்டும் கொஞ்சம் வேறாக இருந்ததாம்.

"அந்த மண்ணை முழுவதும் எடுத்திருக்கிறோம். ஒரு பிடியும் விடவில்லை" என்றாள்.

அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். யார் பெற்ற பிள்ளையோ, அவளும் அழுதாள்.

பெப்ரவரி 20

புதிய இடுகாடு ஊருக்குள்ளே, வயலுக்குப் பக்கத்தில். அங்கிருந்து கடல் கேட்காது.

பெட்டி சின்னன்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து போலின் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பெட்டியை நான் மடியில் வைத்திருந்தேன். இவர் பக்கத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். நான்தான் போட்டுவிட்டேன்.

பாதிரியார் தன் முறைப்படி ஒரு செபம் சொன்னார். எனக்குத் தெரிந்த தேவாரத்தை வாய்க்குள் சொன்னேன். ஒரு பிடி மண் போட்டேன். இவர் கையிலும் ஒரு பிடி வைத்தேன், அது என்ன என்று பார்த்துவிட்டு உதறிவிட்டார், பாதி குழிக்குள் விழுந்தது.

பிறகு போத்தலைத் திறந்து இவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. நானே குனிந்து ஊற்றினேன்.

"என்னப்பா, பாலைக் கொண்டுபோய் மண்ணில ஊத்துறீர்? தேத்தண்ணிக்கு வேண்டாமே?"

"இது மாதுமைக்கு."

"ஆர் மாதுமை?"

அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மரியாதையான ஒரு மனுசன் மரியாதையாகக் கேட்கிறார், அவ்வளவுதான்.

"எங்கட மகள்" என்றேன். அந்தச் சொல்லை நான் இதற்கு முதல் வாயால் சொன்னதில்லை.

"ஓ" என்றார்.  "அப்ப அவளுக்குக் குளிரும்" என்று சொல்லிக் கோட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

கழற்ற விட்டேன். மண்ணின் மேல் விரித்து, கொஞ்சநேரம் வைத்துவிட்டு, திரும்ப எடுத்து அவருக்கே போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது, அவருக்குச் சளி பிடித்துவிடும்.

வீட்டுக்கு வந்து இவரை முழுகவார்த்தேன். பிறகு நானும் முழுகினேன். இத்தனை மாதமும் ஊரவன் துடக்குத் தீட்டுக்கு முழுகினேன். இன்று எங்கள் வீட்டுத் துடக்கு. தலை துவட்டிவிட்டு, மாசி மாத நாட்காட்டியில் இன்றைய திகதியைச் சுற்றி வட்டம் போட்டேன். அடுத்த வருடம் பால் கொண்டுபோக வேண்டியது நான்தான்.